பூனைக்குக் கறி, ஆட்டுக்கு நல்ல சாவு

கறியக்காவுக்கு உட்கார வராது. சாப்பாடு நின்றுகொண்டு, போன் நடந்துகொண்டு, தலை வாருவது வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவே. "உன் காலுக்கடியில யாரோ அடுப்பு மூட்டி வச்சிருக்காங்க" என்பார் கணவர். அவர் மின்விசிறியும் மிக்சியும் பழுதுபார்ப்பவர். உருண்டோடிய ஒரு திருகாணிக்காக அரை நாள் தரையில் குந்தியிருக்கச் சொன்னாலும் இருப்பார்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவளுக்கு ஒன்று உண்டு. ஆனால் பூனையும் நாயும் வளர்க்கும் வீடுகளில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் கதவு திறக்காது. "கறியக்கா வந்திருக்கேன்" என்றால் திறக்கும். பல வீடுகளில் அதைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தெருமுனையில் அவள் வண்டிச் சத்தம் கேட்டதுமே உள்ளே பூனைகள் கதவைப் பிறாண்ட ஆரம்பித்துவிடும். தெரு நாய்களோ மந்திரிக்குக் காவல் வருவது மாதிரி முன்னாலும் பின்னாலும் ஓடி வரும். "வாயில்லா ஜீவனுக்கு நல்ல மனசு யாருதுன்னு தெரியும்மா" என்று ஒரு வீட்டுக்காரம்மா சொன்னதைக் கொஞ்சம் கூச்சத்தோடு கணவரிடம் சொல்லியிருக்கிறாள். "நல்ல கறி யாருகிட்டன்னு தெரியும்" என்றார் அவர், கையிலிருந்த மோட்டாரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவள் விற்பது பச்சைக் கறி. வீட்டுக்குப் பின்னால் ஓடு பதித்த ஒரு சின்ன அறை, இரண்டு பிரீசர், ஒரு வெட்டுமேடை, எலும்பு அரைக்கும் மிஷின் ஒன்று. மிஷின் ஓடும்போது பக்கத்து வீட்டுக்காரர் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார், அது நின்றபின் குறைக்க மறந்துவிடுவார். பூனைக்கு இதயமும் சதையும் அதிகம், ஈரல் கொஞ்சம். ஈரல் கூடினால் வயிறு போய்விடும். கிழட்டு நாய்க்கு எலும்பை மாவாக அரைத்துக் கலக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குக் கைப்பழக்கம். ஆனால் அவளைத் தேடி ஆட்கள் வந்தது இதற்காக அல்ல. ஒவ்வொரு பொட்டலத்தையும் நீட்டும்போது அவள் சொல்லும் ஒரு வாக்கியத்துக்காக: "இது நான் கண்ணால பார்த்தது."

பார்த்தது கறியை அல்ல, ஆட்டை. அது பிறந்த பட்டியிலேயே வளர்ந்திருக்க வேண்டும். லாரி ஏறியிருக்கக் கூடாது. இன்னொன்று சாவதைக் கண்டிருக்கக் கூடாது. கடைசியாகப் பட்டியிலிருந்து பின்கட்டுக்கு நடத்திப் போகும்போது மிரளக் கூடாது. அந்த நடை முழுக்க அவள் கூடவே போவாள். காது பின்னால் ஒட்டுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, கால் தரையை எதிர்த்துத் தள்ளுகிறதா என்று பார்ப்பாள். மிரண்டால், "இது வேணாங்க, திருப்பிக் கட்டிடுங்க" என்பாள். ஆடு திரும்பிப் போகும். அது போவதைப் பார்க்கும்போது அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சற்று நேரம் உட்கார்ந்துகொள்ளும். அவளிடம் உட்கார்ந்த ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் பல வருடம் அவள் அண்ணனுடைய கறிக்கடையில் நின்றவள். அப்பா போனபின் அவளை வளர்த்தது அண்ணன்தான். கடைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். அங்கேதான் ஒருநாள் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். முட்டைகூடத் தொடாத மனிதர். கறிக்கடைப் படியில் கால் வைப்பதற்கே அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"மூணு பூனை இருக்கும்மா. வீட்டுச் சாப்பாடு போட்டுப் பார்த்தேன். ஒண்ணுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. கறி போடலேன்னா அது சாகும்னு டாக்டர் சொல்றார். போட்டா வேற ஒண்ணு சாகுது. நான் என்னதான் பண்றது?"

அவள் சிரித்துக்கொண்டே இதயத்தை நிறுத்துப் போட்டாள். பொட்டலத்தைக் கையில் வாங்காமல் அவர் கேட்டார், "இது எப்படிம்மா செத்துச்சு?"

"கழுத்தறுத்துத்தான் சார்."

"அது தெரியும். அதுக்கு முன்னாடி?"

முன்னாடி என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் கடையின் முன்பக்கம் நின்றவள், பின்பக்கம் லாரி வரும் நேரத்தில் ஒருமுறைகூடப் போனதில்லை. மறுநாள் விடிகாலையில் போனாள். கால்கள் கட்டப்பட்ட ஆடுகளை மூட்டை இறக்குவது போல இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றைக் காதைப் பிடித்து இழுத்தார்கள். அதன் முன்னங்கால் ஒடிந்து வேறு பக்கம் திரும்பியிருந்தது. அடியில் கிடந்த ஒன்று வழியிலேயே செத்திருந்தது. அண்ணன் அதைத் தனியாகப் போடச் சொல்லிவிட்டு, தங்கச்சி நிற்பதைப் பார்த்து, "என்ன பாப்பா, டீ வேணுமா?" என்றார். கெட்டவரில்லை. பழகியவர்.

அந்த வாரத்துக்குப்பின் அவளால் கடையில் நிற்க முடியவில்லை. தனியாகச் செய்கிறேன் என்றபோது அண்ணன் தராசைத் துடைத்தபடி சிரித்தார்.

"நாய்க்குக் கறி போடு, வேணாங்கல. ஆனா அந்தக் கறி சந்தோஷமா செத்துதான்னு பார்த்துப் போடறேங்கிற பாரு. நாய் கேட்டுச்சா?"

"வாத்தியார் கேட்டாரு."

"அவரு தின்னவா போறாரு? கொன்னா பாவம் தின்னா போச்சும்பாங்க. நீ கொல்றதும் இல்ல, அவரு தின்றதும் இல்ல. அந்தப் பாவம், பாவம், எங்க போய்ச் சேர்றதுன்னு தெரியாம நடுரோட்டுல நிக்கும்." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். அந்தக் கதைதான் உன் கதை."

அவள் கோபித்துக்கொண்டு வந்தாள். ஆனால் அண்ணன் தன் பழைய அரவை மிஷினைக் கணவர் வழியாக அனுப்பிவைத்தார். அதுவும் அவர்தான்.

பட்டி கிடைக்கப் பல மாதம் அலைந்தாள். கிடங்குகளும் மரக்கடைகளும் முடிந்து, ரோடு வளைந்து இறங்கும் இடத்தில் ஒரு வெள்ளாட்டுப் பட்டி இருந்தது. பட்டிக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பேச்சில் தோலை உரிப்பவர். அவருடைய கணவர் பேசவே மாட்டார். அறுப்பது அவர்தான். ஆட்டின் நெற்றியில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார், அது தலையைத் தாழ்த்தும்வரை. முதல்முறை அதைப் பார்த்துவிட்டு கறியக்கா வாத்தியாரிடம் போய்ச் சொன்னாள்: "சார், முன்னாடி என்னன்னு இப்ப எனக்குத் தெரியும்." வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றிலிருந்து அவர் வாங்கினார். அவர் சொல்லி இன்னும் பலர் வாங்கினார்கள்.

முதல் ஒரு வருடம் ஒரு குறையும் இல்லை. அப்போது அவளிடம் சில பூனை வீடுகள் மட்டும்தான். காலையில் குளித்து முதல் வேலையாகப் பட்டிக்குப் போவாள். பிறகு நாய் வீடுகள் சேர்ந்தன. நாய் என்றால் மூட்டை மூட்டையாகக் கறி. காலை முழுக்க வெட்டு, அரவை. பகலில் வீடு வீடாக விநியோகம். எல்லாம் முடிந்து சாயங்காலம்தான் பட்டி. வண்டியில் காற்று அறைகிறது என்று பழைய துணிக்கடையில் கெட்டித்துணியில் முழங்கால்வரை நீண்ட கோட்டு ஒன்று வாங்கினாள். அந்தக் கோட்டு துவைத்தால் லேசில் காயாது. ஆகவே துவைப்பது அபூர்வம். அதன் பைகளில் நாய்களுக்கு நுரையீரல் வற்றல் வைத்திருப்பாள். நாய்கள் முன்னங்காலைத் தூக்கி அவள் மார்பில் வைத்து முகத்தை நக்கும். மகள் மட்டும் பள்ளியிலிருந்து வந்ததும், "அம்மா, கோட்டைக் கழட்டிட்டு வந்து கட்டிப்பிடி" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் பட்டியில் ஆடுகள் மிரள ஆரம்பித்தன.

முதலில் ஒரு கிடாய். கயிற்றைப் பிடித்ததுமே பின்னங்காலில் உட்கார்ந்துவிட்டது. வேண்டாம் என்றாள். அடுத்த வாரம் ஒன்று மூத்திரம் போய்விட்டது. வேண்டாம் என்றாள். பிறகு அவள் கேட்டைத் திறக்கும்போதே மொத்தக் கூட்டமும் எதிர்ப்பக்க வேலியோடு ஒட்டிக்கொண்டு, எல்லாத் தலையும் ஒரே திசையில், அவளையே பார்த்தன. இங்கே ஏதோ நடக்கிறது. தான் இல்லாத நேரத்தில் அடிக்கிறார்களோ? ஒன்றின் முன்னால் இன்னொன்றை அறுக்கிறார்களோ? அந்தப் பேசாத மனிதரின் கைகளைக் கவனித்தாள். பேசாதவர்மேல் எந்தச் சந்தேகத்தையும் சுலபமாக ஏற்றலாம்.

"அக்கா, நான் இல்லாதப்ப இதுங்களை யாராவது விரட்டறாங்களா?"

பட்டிக்காரம்மா தீவனச் சட்டியைக் கீழே வைத்தார். "ஏம்மா, நான் பெத்ததைக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்க்கல. விரட்டறேனாம்."

"பயப்படுதுங்களே?"

"எனக்கென்ன தெரியும். நீ வரும்போதுதான் பயப்படுது."

அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. ஆனால் உள்ளே போகவில்லை. சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். எங்கேயும் உட்காராதவள், இப்போது படுத்தாலும் புரண்டாள். கணவரிடம் சொன்னாள், "அந்தாளு கையில ஏதோ இருக்குங்க. அடிக்கிற கை." அவர் மெதுவாகக் கேட்டார், "பார்த்தியா?" பார்க்கவில்லை. ஆனால் ஆட்டைப் பார்த்தாளே, அது போதாதா?

வேண்டாம் வேண்டாம் என்று திருப்பித் திருப்பி, பிரீசரின் அடித்தட்டு தெரிய ஆரம்பித்தது. வாத்தியார் வீட்டுக் கண் மங்கிய பூனை இரண்டு வேளை வெறும் கஞ்சியை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் புத்தகத்தின்மேல் ஏறி உட்கார்ந்து கத்தியது. "நீ பார்க்காம கொடுக்காதேம்மா. ஆனா சீக்கிரம் பாரு" என்றார் அவர்.

நடுவில் ஒரு நாள் மகளின் பள்ளியில் விழா. கறியக்கா அன்று வெட்டுமேடைப் பக்கமே போகவில்லை. தலைக்குக் குளித்து, பீரோவிலிருந்த நல்ல உடுப்பும் சால்வையும் போட்டுக்கொண்டு போய், மகள் மேடையில் மூன்றாவது மரமாக நின்றதைப் பார்த்துக் கைதட்டினாள். விழா முடியும்போது பட்டியிலிருந்து போன். இன்றைக்கு அறுத்தால்தான் உண்டு, வீட்டுக்காரர் நாளை இல்லை. கணவரின் வண்டியில் அப்படியே போனாள்.

கேட்டைத் திறந்தாள். ஒரு ஆடும் மிரண்டு ஓடவில்லை. வெள்ளைக் கிடாய் ஒன்று நேராக வந்து அவள் சால்வை நுனியை வாயில் கவ்வி மெல்ல ஆரம்பித்தது. பின்கட்டுக்குப் போகும்போது அவள் தொடையில் உரசிக்கொண்டே வந்தது. நெற்றியில் கை வைத்ததும் தலையைத் தாழ்த்தியது. அவ்வளவுதான்.

கறியக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "இப்ப நல்லாப் பார்த்துக்கறீங்கக்கா. மாத்திக்கிட்டீங்க" என்றாள்.

பட்டிக்காரம்மாவின் முகம் சுருங்கியது. "நான் ஒண்ணையும் மாத்தல. எப்பவும் போலத்தான் இருக்கேன்."

பாராட்டினால்கூடக் கோபப்படுகிறாரே என்று நினைத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் அந்தக் கிடாயைத் துண்டு போடும்போது மட்டும், அது சால்வையை மென்ற சத்தம் காதில் இருந்தது. மிஷினைப் போட்டாள்.

அடுத்த முறை காலையெல்லாம் வெட்டிவிட்டு, நாய் வீடுகளை முடித்துவிட்டு, கோட்டோடு போனாள். பட்டி முழுக்க ஒரே ஓட்டம். ஒரு சினையாடு வேலியில் மோதி முழங்காலில் விழுந்தது. வெளியே கொண்டுவந்த கிடாயோ கயிற்றிலேயே தொங்கியது. நாக்கு வெளியே வந்துவிட்டது.

"வேணாங்க. திருப்பிக் கட்டிடுங்க."

பட்டிக்காரம்மா கயிற்றைக் கணவர் கையில் கொடுத்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"போதும்மா. உனக்கு என் பட்டி பிடிக்கல. என் வீட்டுக்காரரைக் கொலைகாரன் மாதிரிப் பார்க்கற, அவருக்குத் தெரியாதுன்னு நினைக்கற. ஞாயித்துக்கிழமை லாரிக்காரன் வர்றான். மொத்தமா ஏத்தி விட்டுடறேன். பட்டியே வேணாம்."

"அக்கா, லாரியா?"

"பின்ன? தோள்ல தூக்கிட்டுப் போவாங்களா?"

இத்தனையும் அந்த லாரியில். காதைப் பிடித்து இழுக்கும் கைகள் கண்ணுக்குள் வந்தன. தடுக்க வேண்டுமென்றால் வாங்க வேண்டும். மிரண்டு நடுங்குவதை எப்படி வாங்குவாள்? வாங்கி, வாத்தியாரிடம் எந்த முகத்தோடு நீட்டுவாள்?

வெளியே வந்தாள். உடம்பெல்லாம் எரிந்தது. கோட்டைக் கழற்றி வேலிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி இருந்த குழாயில் தலையையே காட்டினாள். முகம், கழுத்து, முழங்கை எல்லாம் கழுவினாள். அழுகை வந்ததா தண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை. வேலியோடு ஒட்டி உள்பக்கம் ஆடுகளின் தண்ணீர்த் தொட்டி. காற்று ரோட்டுப் பக்கமிருந்து பட்டிக்குள் வீசிக்கொண்டிருந்தது. ஓடிக் களைத்த ஆடுகளுக்குத் தாகம். அவற்றில் இரண்டு மூன்று, தொட்டியை நோக்கி வந்தன. பாதியில் நின்றன. பின்வாங்கின.

அவள் அசையாமல் நின்று பார்த்தாள். அவள் நின்றது தொட்டிக்கு இடப்புறம். ஆடுகள் அவளைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் வலப்புறம் திரும்பியிருந்தன. அங்கே கம்பத்தில், உள்ளே ஆளில்லாமல், கை இரண்டும் தொங்க, அவளுடைய கோட்டு ஆடிக்கொண்டிருந்தது.

அவள் போய்க் கோட்டை எடுத்துக்கொண்டு பட்டியைச் சுற்றி எதிர்மூலைக்கு நடந்தாள். அங்கே மாட்டினாள். திரும்பி வருவதற்குள் கூட்டம் முழுக்க இந்த மூலைக்கு வந்து தொட்டியில் தலையை விட்டிருந்தது. காற்று அங்கே பட்டியிலிருந்து வெளியே வீசியது. கோட்டு வேலிக்கு அந்தப்பக்கம் வெறும் துணி. மறுபடி எடுத்து வந்து பழைய கம்பத்தில் மாட்டினாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஓடின.

அவள் கோட்டின் கையை மூக்கில் வைத்து இழுத்தாள். ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு அது வெறும் துணி. எத்தனை ஆட்டின் ரத்தம், எத்தனை நாயின் எச்சில், எத்தனை பூனையின் முடி என்று அதற்குள் ஊறியிருக்கும்? செத்த ஆடும் நாயும் சேர்ந்து இரண்டு காலில் நடந்து வந்தால் எந்த ஆடு நிற்கும்?

"அக்கா" என்று கூப்பிட்டாள். "கொஞ்சம் வாங்க."

பட்டிக்காரம்மா வேண்டாவெறுப்பாக வந்தார். கறியக்கா கோட்டை எடுத்துக் காட்டினாள், மாட்டிக் காட்டினாள், ஆடுகளைக் காட்டினாள். பட்டிக்காரம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப உன்னைப் பார்த்துத்தானா?"

"ஆமாக்கா."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, நீ வரும்போதுதான்னு."

"சொன்னீங்க. நான் காதுல வாங்கல."

பிறகு கறியக்கா, எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல, கேட்டாள். "நான் வேணாம்னு திருப்பினது எல்லாம் எங்கக்கா இருக்கு? அந்தக் கறுப்புக் கிடா, கொம்பு உடைஞ்சது? அதுங்ககிட்ட இப்பப் போய் நின்னு பார்க்கறேன்."

பட்டிக்காரம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எங்க இருக்கும்? வளர்ந்த கிடாயை வச்சு நான் என்னம்மா பண்ணுவேன்? தீவனம் யாரு போடறது? லாரியிலதான் போச்சு."

"எல்லாமா?"

"நீ வேணாம்னது எல்லாம்."

கறியக்கா வேலியைப் பிடித்துக்கொண்டாள். அவள் காப்பாற்றி அனுப்பியதாக நினைத்த ஒவ்வொன்றும். 'வேணாம்' என்று சொன்னால் அது பிழைத்துக்கொள்ளும் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். ஒருதரம்கூடக் கேட்டதில்லை. கடையின் முன்பக்கம் நின்ற காலத்தில் பின்பக்கம் போகவில்லை என்று தன்னையே எத்தனை முறை நொந்திருக்கிறாள்! இங்கேயும் ஒரு பின்பக்கம் இருந்திருக்கிறது.

பட்டிக்காரம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தணிந்து, "சரி, குளிச்சிட்டு வேற துணியில வா. லாரிக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

சுலபமான வழிதான். பள்ளி விழா அன்று நடந்ததும் அதுதானே. கறியக்கா வண்டியை எடுத்தாள். கிடங்குகள் தாண்டும்வரை மனசு லேசாகத்தான் இருந்தது. அதன்பின் அந்த வெள்ளைக் கிடாய் வந்தது, சால்வையை மென்றுகொண்டு. அது அவளை நம்பியது. சோப்புப் போட்டுத் தேய்த்து, தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு போய் நின்றதால் நம்பியது. அவளுக்குக் கண் கலங்கியது, பாராட்டினாள், மறுநாள் வெட்டினாள். ஆடு பயப்படாமல் இருந்தது யாருக்காக? ஆட்டுக்காகவா, பார்த்து நிறைவதற்காக நின்ற தனக்காகவா?

அதுவும் போகட்டும். தன் மூக்குக்குத் தெரியாத வாடையை எந்தச் சோப்பு போக்கியது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நாளை ஒன்று மிரண்டால் அது பட்டியின் குற்றமா, தன் நகக்கண்ணில் ஒட்டியதா? இனி அவள் போய்ப் பார்க்கும் எதிலும் அவளும் கலந்திருப்பாள். ஒரு சிக்னலில் பச்சை விழுந்தும் அவள் நகரவில்லை. பின்னால் இருந்தவர், "அக்கா, தூக்கமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பட்டிக்குப் போன் செய்தாள். "நான் உள்ள வரலக்கா. நீங்களே அறுங்க. நான் மேல ரோட்டு வளைவுல நிக்கறேன். எப்படி இருந்துச்சுன்னு நீங்க சொன்னாப் போதும்."

"என்னை நம்புவியா?"

"நம்பித்தான் ஆகணும்."

"இது நம்புற குரலா இல்லியே" என்றார் பட்டிக்காரம்மா. "சரி, வா. லாரியை வேணாம்னுட்டேன்."

அதன்பிறகு இருந்தது வாத்தியார் வீடு. பூனை மூன்றும் காலைச் சுற்றின. அவள் நடையிலேயே நின்று, முன்னும் பின்னும் நாலடி நடந்து, சொல்லி முடித்தாள்: கோட்டை, லாரியை, இனி உள்ளே போவதில்லை என்பதை. "இனிமே 'கண்ணால பார்த்தது'ன்னு நான் சொல்ல மாட்டேன் சார். 'அந்தக்கா சொன்னாங்க'ன்னுதான் சொல்லுவேன்."

வாத்தியாருக்கு அது பெரிய இடி. நாற்காலிக் கையைத் தேடிப் பிடித்தார். "உன் கண்ணை நம்பித்தானேம்மா என்னால சாப்பிட, தூங்க முடிஞ்சுது."

"தெரியும் சார்."

"அந்தம்மா பொய் சொன்னா?"

"சொல்லலாம். எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்ற கறியை நான் எப்படி…" அவர் முடிக்கவில்லை. கண் மங்கிய பூனை அவர் மடியில் ஏறத் தாவி, தூரம் தவறி, வேட்டியில் தொங்கியது. அதைப் பிடித்து ஏற்றிக்கொண்டார். அது அவர் விரலை நக்கியது. அதன் முதுகைத் தடவியபடி, "ஒவ்வொரு தடவையும் அவங்க என்ன சொன்னாங்களோ அதை அப்படியே வந்து சொல்லு. நல்லதா இருந்தாலும் சரி. இல்லேன்னாலும் சரி" என்றார். "இல்லேன்னா வாங்குவேனான்னு கேக்காதே. எனக்கே தெரியாது."

சில வீடுகள் நின்றுவிட்டன. ஒரு நாய்க்காரர், "இதுக்கு உங்க அண்ணன் கடையே மேல்" என்றார்.

இப்போது வளைவில் நிற்கிறாள். ரோடு இறங்கும் இடத்தில், ஒரு கைவிடப்பட்ட கடையின் சுவரோரம் வண்டி. பட்டியின் கூரை மட்டும் தெரிகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. பத்தடி அந்தப்பக்கம் போகிறாள், பத்தடி இந்தப்பக்கம் வருகிறாள். முன்பெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டம் என்று நினைத்திருக்கிறாள். பார்க்காமல் நிற்பதற்கு அது எவ்வளவோ தேவலாம். ஒரு கத்தல் கேட்கிறதா? அது பறவை. ஒன்றும் கேட்கவில்லை என்றால் நல்லதா, கெட்டதா? கணவர் போன் செய்தார், "நிக்கறேன்" என்றாள். "உட்காரேன்" என்றார். வைத்துவிட்டாள்.

கடைசியில் பட்டிக்காரம்மாவே தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார். இரண்டு மூட்டை. மூச்சு வாங்கியது. கறியக்கா ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தாள். எப்படி இருந்துச்சு என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள்.

பட்டிக்காரம்மா முதல் மூட்டையைத் தொட்டார். "இது நல்லபடியாப் போச்சு. தீவனம் வாயிலேயே இருந்துச்சு." இரண்டாவதைத் தொடவில்லை. வேறெங்கோ பார்த்துச் சொன்னார். "இது சரியில்ல. வாசல்கிட்ட வந்ததும் திமிறிச்சு. அவரு கையை எடுத்துட்டு ரொம்ப நேரம் நின்னாரு. அப்பவும் அடங்கல. இதுக்கு மேல வச்சிருந்தா இன்னும் பயப்படும்னு முடிச்சுட்டாரு. உள்ள போய் உக்காந்திருக்காரு, சாப்பிடல." பிறகு அவளை நேராகப் பார்த்தார். "சொல்லாம ஏத்திருக்கலாம். நீ பார்க்கப் போறியா என்ன?"

கறியக்கா அந்த மூட்டையைப் பார்த்தாள். "ஏன்க்கா திமிறிச்சு?"

"ஆட்டைக் கேட்டாத்தான் தெரியும்."

காற்று அவள் தலைமுடியை முகத்துக்கு முன்னால் தள்ளியது, பட்டியின் பக்கமாக. காற்று எப்போது அப்படித் திரும்பியது என்று அவள் கவனிக்கவில்லை. அவள் முடியை ஒதுக்கிவிட்டு, கடைச் சுவரையும் பட்டியின் கூரையையும் இடையிலிருந்த தூரத்தையும் ஒருமுறை அளப்பது போலப் பார்த்தாள்.

"வேணாமா?" என்றார் பட்டிக்காரம்மா.

"எடுத்துக்கறேன்" என்றாள். ஐஸ் பெட்டியைத் திறந்து, முதல் மூட்டையை ஒரு பக்கமும் இரண்டாவதை மறுபக்கமும் வைத்தாள். "இதைத் தனியா வச்சு, சொல்லித்தான் கொடுக்கணும். ஐயாவைச் சாப்பிடச் சொல்லுங்கக்கா."

"நீ வந்து சொல்லு, அவரு என் பேச்சைக் கேக்க மாட்டாரு."

"நான் வரக் கூடாதுக்கா" என்று சொல்லிவிட்டு, மூடியை அழுத்தி மூடினாள்.